சமையலறை காத்த பண்டிகை

பெங்களூரில் யூதர்களுக்கென்று ஓர் இடுகாடு இருக்கிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரை ஆண்ட காலத்தில், 1904-இல், அதற்கான நிலம் கிடைத்தது. கமர்ஷியல் தெருவில் கடை வைத்திருந்த ரூபன் மோசஸ் என்ற வணிகரின் பெயர் அதன் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. இடுகாடு அமைந்ததே தவிர, மும்பையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் இருப்பதுபோலத் தலைமுறை தலைமுறையாகக் கூடித் தொழுத பழைய ஜெப ஆலயம் ஒன்று இந்நகரில் எழவில்லை. யூத மரபில் பொதுத் தொழுகை நடக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது கூட வேண்டும். சிறு சமூகங்களுக்கு அந்தப் பத்துப் பேரைத் திரட்டுவதே பெரும்பாடு.

இங்கு வந்து சேர்ந்த யூதர்கள் ஒரே வழியில் வந்தவர்களும் அல்லர். பாக்தாத் வழி வந்த வணிகர்கள் ஒரு பக்கம். கொங்கணக் கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் பிரிவினர், படையிலும் அரசுப் பணியிலும் இருந்தவர்கள், இன்னொரு பக்கம். நாஜி ஆட்சியில் வேலை இழந்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞராக வந்தார். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அவர் வடிவமைத்த கட்டடங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இப்போது இஸ்ரேலியத் துணைத் தூதரகப் பணியாளர்களும் மென்பொருள் நிறுவன ஊழியர்களும் இருக்கிறார்கள். இப்படிப் பல திசையிலிருந்து வந்து, சேர்ந்து தொழப் பழைய ஆலயம் ஒன்றுகூட இல்லாத மக்களின் சமயம் எங்கே வாழ்கிறது என்று கேட்டால், விடை சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஆண்டின் மிக முக்கியமான இரவுக்கு அவர்களுக்கு ஆலயமே தேவையில்லை. பெசாக் பண்டிகையின் முதல் இரவில் வீட்டில் நடக்கும் சேடர் என்ற விருந்தைத்தான் சொல்கிறேன். தமிழ் விவிலியம் படித்தவர்கள் இந்தப் பண்டிகையை பஸ்கா என்று அறிவார்கள்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்ற கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. கிறிஸ்தவர்கள் யாத்திராகமத்தில் படிக்கிறார்கள். முஸ்லிம்கள் மூஸா நபியும் பிர்அவ்னும் என்று அறிவார்கள். புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை, புளிப்பில்லாத அப்பத்தோடு கிளம்பினார்கள் என்பது கதையின் ஒரு சிறு விவரம். அந்தச் சிறு விவரத்தைத்தான் யூத சமயம் ஓர் ஆண்டுக் கடமையாக்கியது. யூத நாட்காட்டியில் நிசான் மாதத்தின் நடுவில், முழுநிலவை ஒட்டி அந்த இரவு வரும். நமது பங்குனி, சித்திரைப் பௌர்ணமிகளில் ஒன்றோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகும். 2025-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. சேடர் ஏப்ரல் 12 மாலை.

எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில் பஸ்கா என்பது பலி. ஆட்டுக்குட்டியை ஆலயத்தில் பலியிட்டு, அந்த இறைச்சியை இரவில் குடும்பமாகக் கூடி உண்டார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபின் பலிபீடமே இல்லாமல் போனது. அத்தோடு அந்தப் பண்டிகை அழிந்திருக்க வேண்டும். யூத அறிஞர்கள் செய்தது வேறு. பலியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த விருந்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில், பஸ்கா பகுதியின் பத்தாம் அதிகாரம் இந்த விருந்தின் வரிசையைச் சொல்கிறது: நான்கு கிண்ணம் திராட்சை மது, பிள்ளையின் கேள்விகள், தந்தையின் பதில். ஆலயம் இருந்தவரை பலிபீடம் செய்த வேலையை இனி மனிதனின் மேசை செய்யும் என்ற கருத்து, மிஷ்னாவின் விரிவுரையான தல்மூதில் வெளிப்படையாகவே வருகிறது. உலகில் எத்தனையோ சமயங்கள் கோயிலை இழந்திருக்கின்றன. கோயிலை வீட்டுக்குள் எடுத்துச் சென்று அதற்கு இத்தனை நுணுக்கமான நெறி வகுத்த மக்கள் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

அந்த இரவின் ஒழுங்கு பதினைந்து படிகளில் ஓடும். தலைவர் கிண்ணத்தை ஏந்தி நாளைப் புனிதப்படுத்துவார். கை கழுவுவார்கள். காய்கறித் துண்டு ஒன்றை உப்புநீரில் தொட்டு உண்பார்கள். அந்த நீர் கண்ணீரைக் குறிக்கிறது என்பார்கள். மூன்று மட்ஸாக்களில், அதாவது புளிப்பில்லா அப்பங்களில், நடுவிலுள்ளதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மறைத்து வைப்பார்கள். குழந்தைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். உணவின் கடைசிக் கவளம் அந்தப் பாதிதான். பிறகு வீட்டின் இளைய பிள்ளை, இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப்போல் இல்லை என்று நான்கு வகையில் கேட்கும். ஹகாதா என்ற நூல் அதற்கான நீண்ட விடை. எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மதுவைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பகைவன் பட்ட துன்பத்தால் நம் மகிழ்ச்சியும் அந்த அளவுக்குக் குறைகிறது என்று பிற்கால அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். தட்டில் கசப்புக் கீரை, அடிமைகள் குழைத்த சாந்தை நினைவூட்டும் இனிப்புக் கூழ், அவித்த முட்டை, சுட்ட எலும்பு. மட்ஸாவை உண்ணும்போதும் மதுவைப் பருகும்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்து உண்பது ரோமானிய உலகில் சுதந்திர மனிதனுக்கு மட்டுமே இருந்த உரிமை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பூசாரி என்று ஒருவர் இல்லாமை. ரப்பி என்ற சமயகுரு இருக்க வேண்டியதில்லை, பத்துப் பேர் கூட வேண்டியதில்லை. தனியாக இருப்பவர்கூடத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பெங்களூர் போன்ற ஊரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் பெசாக்கை முழுமையாகக் கொண்டாட முடிகிறது என்றால், இந்த ஏற்பாடு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்டுவிட்டது.

ஆனால் அந்த நான்கு பேருக்கும் வேலை பல வாரம் முன்பே தொடங்கும். காரணம், புளிப்பு. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களின் மாவு நீர்பட்டுப் புளித்தால் அது ஹாமேட்ஸ். பண்டிகை முடியும்வரை அதை உண்ணக் கூடாது, அதனால் பயன் பெறக் கூடாது, உடைமையாக வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. மட்ஸாவுக்கான மாவில் நீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் அதைச் சுட்டு எடுத்துவிட வேண்டும் என்பது வழக்கில் உள்ள கணக்கு.

தென்னிந்தியச் சமையலறையில் இந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் எதிர்பாராத முடிவுகள் வருகின்றன. இட்லி மாவு இரவெல்லாம் பொங்கிப் புளிக்கும் பொருள்; முதல் பார்வையில் அதுதான் முதல் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. எனவே அவற்றின் புளிப்பு, சட்டப்படி ஹாமேட்ஸ் ஆகாது. கேழ்வரகும் அந்த ஐந்தில் இல்லை. ஐரோப்பிய யூதர்களான அஷ்கனாஸிகள் கூடுதல் எச்சரிக்கையாக அரிசியையும் பருப்பு வகைகளையும்கூட விலக்கினார்கள். அந்த வழக்கம் இந்திய யூதர்களிடம் வேரூன்றவில்லை. கொச்சி யூதர் பெசாக்கில் அரிசிச் சோறு உண்டார்கள். ஆக, ஜெர்மனியிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்த குடும்ப மரபு உடையவர் பெங்களூர் மேசையில் சாதத்தைத் தொட மாட்டார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெனே இஸ்ரேல்காரர் தாராளமாகச் சாப்பிடுவார். இருவரும் சட்டத்தை மீறவில்லை.

இட்லி தப்பிக்கிறது, ரசம் மாட்டிக்கொள்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம். அதனால் பெருங்காயம் சேர்ந்த சாம்பார்ப் பொடி, ஊறுகாய், வடகம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்துவந்த அரிசி மாவும் அப்படியே. இந்தச் சட்டத்தைப் பின்பற்றும் ஒரு பெண்மணி நம் மளிகைக் கடையில் பொருள் வாங்கும்போது, எது எங்கே எதனோடு கலந்தது என்பதை ஒரு தடயவியல் அறிஞரின் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். கொச்சியில் அவர்கள் செய்த ஆயத்தம் ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்பது இதைக் கண்ட பிறகுதான் விளங்கும்.

நேதன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-87-இல் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் தங்கி, அங்கே எஞ்சியிருந்த குடும்பங்களின் ஓராண்டு வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். அவர்கள் எழுதிய பெசாக் ஆயத்தம் வியக்க வைப்பது. மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்கிவிடுவார்கள். சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பார்கள். கிணற்றை இறைத்துத் தூர்வாருவார்கள். மிளகாய், மிளகு, மல்லி எல்லாவற்றையும் தனியே வாங்கிக் கழுவிக் காயவைத்து, வீட்டிலேயே இடிப்பார்கள். அரிசியை மணிமணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். பண்டிகைக்கென்றே இருக்கும் பாத்திரங்கள் தனி அறையில் ஆண்டு முழுதும் பூட்டியிருக்கும். இதில் ஒரு பெண் தவறினால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கு வரும் என்ற அச்சமும் அவர்களிடம் இருந்தது. பெசாக் கால உணவை வெளியார் தொடக்கூடாது.

யூதச் சட்டம் கேட்பதைவிட இது அதிகம். கேரளத்து உயர்சாதியினரின் தூய்மை நெறிகளை யூதர் தங்கள் பண்டிகை வழியே உள்வாங்கிக்கொண்டார்கள் என்று காட்ஸும் கோல்ட்பர்க்கும் வாதிட்டார்கள். மடி, தீட்டு, ஆசாரம் என்று வளர்ந்த தமிழருக்கும் கன்னடருக்கும் இந்த வாதம் உடனே பிடிபடும். மடியாகச் சமைக்கும் வீட்டில் யாரும் தொடாமல் காய்ந்த புடவை, தனிச் செம்பு, தனி அடுப்பு எல்லாம் நமக்குத் தெரிந்தவை. நான் இந்த வாதத்தைப் பாதி ஏற்கிறேன். அக்கம்பக்கத்தின் மொழியில்தான் எந்தச் சமூகமும் தன் தூய்மையைச் சொல்ல முடியும். கேரளத்தில் தூய்மை என்றால் அது தொடுதல், தொடாமை பற்றியது. எனவே பெசாக்கும் அந்த வடிவம் எடுத்தது. ஆனால் கிணறு இறைப்பதற்கும் மசாலா இடிப்பதற்கும் சாதி நெறியைத் தேடிப் போக வேண்டியதில்லை. எந்தக் கலப்பும் இல்லாத மிளகாய்ப்பொடி வேண்டுமென்றால் அதை வீட்டில் இடிப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இல்லை. இந்த நடைமுறைக் காரணத்தை ஆய்வாளர்கள் குறைத்து எடைபோட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த வேலை முழுவதும் பெண்கள் செய்தது. சேடர் இரவில் நூலை வாசிப்பவர் ஆண். ஆனால் அந்த மேசையைச் சட்டப்படி தகுதியுடையதாக்கியவர் பெண். மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. அதன் நீல ஓடுகளையும் விளக்குகளையும் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அந்தத் தெருவின் கடைசிப் பெண்மணியான குவீனி ஹலேகுவா 2024-இல் மறைந்தார். ஆலயம் நிற்கிறது, அந்த ஆயத்தத்தைச் செய்யத் தெரிந்த கைகள் அங்கே இனி இல்லை.

கொச்சி யூதரிடம் எழுத்து இருந்தது, நூல் இருந்தது, எபிரேயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பெனே இஸ்ரேலரின் கதை இதற்கு நேர்மாறு. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு அது இன்னும் முக்கியம். மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரையில் நவ்காவ் என்ற இடத்தில் கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தங்கள் மூதாதையர் என்பது அவர்கள் மரபு. நூல்கள் கடலோடு போயின என்பார்கள். எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று அழைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஹகாதா இல்லை, எபிரேயம் இல்லை. ஒரே ஒரு மந்திரம் போன்ற நம்பிக்கை வாக்கியம் மட்டும் நினைவில் எஞ்சியது.

இவர்கள் யூதர்தாம் என்று எப்படிக் கண்டுகொண்டார்கள்? டேவிட் ரஹாபி என்ற வெளியூர் யூதர் கொங்கணத்துக்கு வந்து, அந்தப் பெண்களிடம் பல வகை மீன்களைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அவர்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீன்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்களாம். யூத வேதமான தோராவின் உணவு விதி அது. ரஹாபி எந்தக் காலத்தவர் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கதையை வரலாறு என்று கொள்ள முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன்னைப்பற்றிச் சொல்லும் மூலக்கதையில், ஆண்கள் ஓதிக் காட்டி அடையாளம் நிறுவவில்லை. பெண்கள் மீன் ஆய்ந்து நிறுவினார்கள். இப்படி ஒரு கதையைத் தனக்கென வைத்திருக்கும் சமூகம், தன் சமயம் எங்கே பத்திரமாக இருந்தது என்று அறிந்தே இருக்கிறது.

அதற்குச் சான்று அவர்களுடைய பண்டிகைகளிலேயே உண்டு. பெனே இஸ்ரேலரின் முதல் பெரும் வரலாற்றாசிரியர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர். 1897-இல் எழுதி முடித்த அவருடைய நூல் 1937-இல்தான் டெல் அவிவில் அச்சேறியது. தம் மக்கள் பழைய நாளில் பண்டிகைகளை எபிரேயப் பெயரால் அறியவில்லை என்று அவர் பதிவு செய்கிறார். அவர்களுக்கு அவை மராத்திப் பெயர்களில் இருந்தன. புத்தாண்டை அடுத்து, புது அரிசியில் கீர் செய்து உண்ணும் நாள் கீர்ப் பண்டிகை. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நோன்பிருந்ததால் அது கதவடைப்புப் பண்டிகை. எருசலேம் ஆலயம் இடிந்த நாளின் நோன்பு பிர்டா நோன்பு. முளைகட்டித் தோல் உரித்த மொச்சையில் செய்யும் குழம்பின் பெயரால் வந்தது. பெங்களூரில் அவரைக்காய் பருவத்தில் வீடுதோறும் தோல் பிதுக்கிய பருப்பில் சாறு வைப்பவர்களுக்கு அந்தச் சுவை நெருக்கமாக இருக்கும்.

பெசாக்? அதற்குப் பெயர் ஆனாஷி டாக்காச்சா சண். ஆனாஸ் என்ற புளிச்சாறு இருக்கும் மண் ஜாடியை மூடிவைக்கும் பண்டிகை. விடுதலைக் கதை மறந்துவிட்டது. மோசேயும் பார்வோனும் செங்கடலும் ஹகாதா இல்லாமல் போனதால் மங்கிப்போனார்கள். ஆனால் நிசான் நடுவில் வீட்டிலுள்ள புளித்த பொருளை எட்டு நாள் தொடக்கூடாது என்பதை மட்டும் சமையலறை மறக்கவில்லை. கொங்கணத்தில் அன்றாட உணவு சோறும் அரிசிமாவு பாக்ரியும். கோதுமை மாவைப் புளிக்கவைத்து ரொட்டி சுடும் வழக்கமே இல்லாத மண் அது. விலக்க வேண்டிய ஹாமேட்ஸ் வீட்டில் இருந்திராது. அப்போதும் அந்தப் பெண்கள், புளிப்பு என்று தங்கள் கண்ணில் பட்ட ஒரே பொருளை எடுத்து, மூடி, ஓரமாக வைத்தார்கள். சட்டப்படி அதற்கு அவசியம் இல்லாமல் இருக்கலாம். சட்டம் தெரியாதவர்கள் சட்டத்தின் உயிரை அப்படிக் காப்பாற்றினார்கள். இந்திய யூத வரலாற்றில் இதைவிட என்னை நெகிழவைத்த செய்தி இல்லை.

கர்நாடகத்துக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. சாமுவேல் எசெக்கியேல் திவேகர் என்ற பெனே இஸ்ரேல் அதிகாரி கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்து, மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் கைதியானார். கைதிகளைக் கொல்ல இருந்தபோது, தாம் பெனே இஸ்ரேல் என்று அவர் சொன்னதைக் கேட்டு, குர்ஆனில் வரும் அந்த மக்களை அறிந்திருந்த திப்புவின் தாயார் உயிர்ப்பிச்சை கேட்டதாக அவர் சமூகத்தார் சொல்லி வருகிறார்கள். விடுதலையான திவேகர் நேர்ந்துகொண்டபடி மும்பையில் 1796-இல் ஜெப ஆலயம் ஒன்றை எழுப்பினார். பெனே இஸ்ரேலரின் முதல் ஜெப ஆலயம் அதுதான். தோரா சுருள்கள் பெறக் கொச்சிக்குச் சென்ற இடத்தில் அவர் காலமானார். அடுத்த தலைமுறையில் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் கொங்கணத்துக்கு வந்து எபிரேயமும் ஓதும் முறையும் கற்பித்தார்கள். கொச்சியின் நூலும் கொங்கணத்தின் ஜாடியும் அப்போதுதான் சந்தித்தன.

அந்தச் சந்திப்பின் கனிகளில் ஒன்று 1846-இல் மும்பையில் வெளிவந்த ஹகாதா: எபிரேயமும் மராத்தியும் சேர்ந்தது. 1874-இல் புனேயில் இன்னொன்று வந்தது. அதன் படங்களில் புடவை கட்டிய பெண்கள் தானியம் அரைக்கிறார்கள், மாவு பிசைகிறார்கள், அடுப்படியில் மட்ஸா சுடுகிறார்கள். ஐரோப்பிய ஹகாதாக்களின் படங்களைப் பார்த்து வரைந்த பகுதிகளும் அதில் உண்டு. ஆனால் சமையல் காட்சிக்கு வரும்போது வரைந்தவர் தம் வீட்டையே பார்த்திருக்கிறார். சேடரின் தொடக்கத்தில் பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்று அழைக்கும் பகுதி எபிரேயத்தில் இல்லை, அராமிய மொழியில் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டிலிருந்த எல்லாருக்கும் புரிந்த மொழி அது. மராத்தி ஹகாதா அந்த மரபைத்தான் தொடர்ந்தது.

மேசையின் பொருள்களும் மண்ணுக்கேற்ப மாறின. நான்கு கிண்ணம் மது வேண்டும். யூதர் கையால் தயாரான திராட்சை மது இந்தியக் கிராமத்தில் எங்கே கிடைக்கும்? கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டிய பானத்தை வைத்து ஆசீர்வதித்தார்கள். கொங்கணத்திலும் கொச்சியிலும் இதுவே வழக்கம். இனிப்புக் கூழுக்கு ஐரோப்பாவில் ஆப்பிளும் வாதுமையும் என்றால், இங்கே பேரீச்சம்பழத்தை வேகவைத்துப் பிழிந்து, பாகாகக் காய்ச்சிய சாறு. பாக்தாத் யூதரும் அதையே செய்தார்கள். அக்ரோட் தூவிச் சாப்பிடுவார்கள். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதால், பெனே இஸ்ரேலர் குழம்புக்கும் இனிப்புக்கும் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி அறுக்கும் ஆள் இல்லாத ஊர்களில் பல யூதக் குடும்பங்கள் சைவமாகவே சமைத்துக்கொள்கின்றன. பாக்தாத் மரபில் ஓர் அழகான நடிப்பு உண்டு. மறைத்துவைத்த மட்ஸாத் துண்டைத் துணியில் முடிந்து ஒரு பிள்ளையின் தோளில் கட்டுவார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். எகிப்திலிருந்து என்று பிள்ளை சொல்லும். எங்கே போகிறாய்? எருசலேமுக்கு.

சேடரில் எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணம் ஊற்றி வைத்துக் கதவைத் திறப்பார்கள். பெனே இஸ்ரேலரிடம் அந்த எலியாவுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு தனி விருந்தே இருக்கிறது: மலிதா. ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், கொட்டைப் பருப்புகள் கலந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியாவைப் பற்றிய பாடலைப் பாடி, ஆசீர்வதித்துப் பகிர்ந்து உண்பார்கள். திருமணம், நேர்த்திக்கடன், நோய் நீங்கல், புதுவீடு, எதற்கும் மலிதா. எலியாவின் தேர் அலிபாக் அருகே ஒரு கிராமத்துப் பாறையில் தடம் பதித்துச் சென்றது என்று நம்பி அங்கே யாத்திரையும் போவார்கள். நம் கோயில்களில் அவல் பிரசாதம் வாங்கிய கைக்கு இது அந்நியமாகப் படாது. அந்நிய வழக்கம் கலந்துவிட்டது என்று குறைசொன்ன வெளிநாட்டு யூதர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. மேசையைப் பலிபீடமாக்கலாம் என்று முடிவான பிறகு, அந்த மேசையில் அந்தந்த மண்ணின் தானியம் வந்து சேர்வது இயல்பு.

பெங்களூரில் பெசாக்கின் பெயரைத் தாங்கிய உணவை யூதர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சமைப்பவர்கள் மலையாள சிரியன் கிறிஸ்தவர்கள். பெரிய வியாழன் இரவில் அவர்கள் வீடுகளில் பெசஹா அப்பம் செய்வார்கள். அரிசி மாவும் உளுந்தும், புளிக்கவைக்காமல். மேலே குருத்தோலைச் சிலுவை. தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பெசஹா பால். குடும்பத் தலைவர் செபம் சொல்லி அப்பத்தைப் பிட்டு, மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். அந்த ஆண்டில் இறப்பு நடந்த வீட்டில் அப்பம் செய்ய மாட்டார்கள். அண்டை வீட்டார் கொண்டுவந்து தருவார்கள். இதைக் காட்டி, இவர்கள் முன்னோர் யூதர் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இயேசுவின் கடைசி இராவுணவு பஸ்காவோடு சேர்ந்தது என்று சுவிசேஷங்களே சொல்கின்றன; அதுவே போதிய காரணம். ஆனால் தேவாலயம் நிறைந்த ஊரில் இருந்தும் இந்தச் சடங்கு மட்டும் வீட்டு மேசையை விட்டு நகரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. யூதர்களிடமோ இதற்கு மாறான போக்கும் உண்டு: ஹபாத் என்ற ஹசீதிய யூத இயக்கத்தின் இல்லம் ஒன்று இப்போது பெங்களூரில் இயங்குகிறது. அந்த இயக்கம் ஊர்சுற்றி வரும் இளம் இஸ்ரேலியர்களுக்கும் வேலைநிமித்தம் வந்தவர்களுக்கும் உலகெங்கும் சேடர் நடத்துவது. காட்மாண்டுவில் 1989 முதல் நடக்கும் சேடரில் ஆயிரம் பேருக்கு மேல் கூடியதுண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளாக வீட்டுக்குள் இருந்த விருந்து இப்படி மண்டபத்துக்கு வருவதில் ஒரு லாபமும் ஒரு நட்டமும் இருக்கின்றன. தனியாளுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் மட்ஸா, மது, உணவு எல்லாம் ஆயத்தமாக வந்துவிடுவதால், கெஹிம்கர் எழுதிய அந்த ஜாடியை மூடிய கைக்கு வேலை இல்லாமல் போகிறது.

யூதர்களுக்கிடையே இன்னொரு வேறுபாடும் இந்நகரில் ஒவ்வோர் ஆண்டும் எழும். பழங்காலத்தில் மாதப் பிறப்பை எருசலேமில் அறிவித்து ஆள் அனுப்புவார்கள். தொலைவில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டும்வரை எது சரியான நாள் என்பது ஐயம். அதனால் இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர் சேடரை அடுத்தடுத்து இரண்டு இரவு நடத்துகிறார்கள். இஸ்ரேலில் ஒரே இரவு. நாட்காட்டி கணக்கில் உறுதியான பிறகும் இந்த மரபு மாறவில்லை. 1950-களில் கொச்சியிலிருந்து குடியேறி நெகேவ் பாலைவனத்து நெவாதிம் கிராமத்தில் பயிர் செய்தவர்கள் இரண்டாம் சேடரை விட வேண்டியதாயிற்று. பெங்களூரில் இது தலைகீழாக நடக்கிறது. இங்கே நிலையாக வாழும் பெனே இஸ்ரேல் குடும்பத்துக்கு இரண்டு இரவு கடமை. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த இஸ்ரேலியப் பொறியாளர், திரும்பிப் போகும் எண்ணம் இருக்கும்வரை, ஒரே இரவு அனுசரித்தால் போதும் என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. ஊராரின் இரண்டாம் நாளை வெளிப்படையாக மீறக் கூடாது என்று மட்டும் கேட்பார்கள். இரண்டாம் இரவில் அண்டை வீட்டார் அழைத்தால் அவர் போய் உட்காரலாம், கதையைக் கேட்கலாம், சாப்பிடலாம். அந்த இரவுக்குரிய ஆசீர்வாதத்தை மட்டும் தம் வாயால் சொல்ல மாட்டார். வீட்டுக்காரர் சொல்லும்போது ஆமென் என்பார்.